மண் இறங்கும் வரை

மொட்டை அடிக்கவோ, அடித்த மொட்டையோடு ஊர் திரும்பவோ வராத ஆளைத் திருப்பதி பேருந்து நிலையம் அவ்வளவு எளிதில் நம்புவதில்லை. என் கையில் இருந்தது நில மட்டம் பார்க்கும் அளவுகோல், துணி உறைக்குள் மடித்து வைத்தது. நிறுத்தினால் என் உயரத்தைத் தாண்டும். பக்கத்தில் நின்ற அம்மாள் தெலுங்கில் ஏதோ கேட்டார். அவருடைய மருமகள் அதைத் தமிழில் சொன்னாள்: "இன்னா வேண்டுதலுன்னு கேக்கறாங்க." வேண்டுதல் ஒன்றும் இல்லை, ரோடு அளக்க வந்திருக்கிறேன் என்றேன். அம்மாள் சற்று யோசித்துவிட்டு, அதுவும் நல்ல வேண்டுதல்தான் என்றாராம்.

நான் சிங்கப்பூர்க்காரி. இளகிய மண்ணின் மேல் சாலையும் ஓடுபாதையும் போடுகிற ஒரு நிறுவனத்தில் வேலை. வடமாலபேட்டைப் பக்கம் ஒரு புறவழிச்சாலை ஏரியின் ஒரு மூலையைத் தாண்டிப் போகிறது. அங்கே போட்ட மண்மேடு இறங்கி முடிந்துவிட்டது, வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால் தார் போடலாம் என்று செய்தி வந்தது. தமிழ் தெரியும் என்பதால் என்னை அனுப்பினார்கள். என் பூர்வீகம் வேலூர்ப் பக்கம் என்று வீட்டில் சொல்வார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் நினைவில்லை. தேடிப் போய்க் கண்கலங்க எனக்கு ஊர் எதுவும் இல்லை என்பது ஒரு வகையில் வசதிதான்.

முதல் சங்கடம் தங்கும் விடுதியில். "ஒண்டியா வந்தா ரூம் இல்ல மேடம்" என்றார் மேசைக்குப் பின்னால் இருந்தவர். தனியாக அறை எடுத்தவர்களால் முன்பு ஏதோ தொல்லை வந்திருக்கிறது போலும். கடவுச்சீட்டைக் காட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுலயும் ஒண்டியாத்தானே கீறீங்க" என்றார். கடைசியில் எங்கள் தளத்து மேற்பார்வையாளர் முனிரத்தினம் தொலைபேசியில் பேசி, நான் அவருடைய பெரியப்பா மகள் என்று சொன்ன பிறகுதான் சாவி கிடைத்தது. அப்போது நான் அவரைப் பார்த்ததுகூட இல்லை.

மறுநாள் காலை இட்லிக்கு வேர்க்கடலைச் சட்னியும், அதன் மேல் செக்கச்சிவந்த ஒரு காரமும் வைத்தார்கள். சிங்கப்பூரில் சம்பல் தின்று வளர்ந்த நாக்கு என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இரண்டாவது இட்லியில் அது போய்விட்டது. பரிமாறியவர் என் கண்ணீரைப் பார்த்து, கேட்காமலே சர்க்கரை கொண்டுவந்து வைத்தார்.

பேருந்தில் நடத்துநர் என் அளவுகோலுக்கும் அரை டிக்கெட் கிழித்தார். வழியெல்லாம் மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள், பழச்சாறு ஆலைகளின் வாசலில் வரிசை கட்டி நின்றன. அவற்றை ஒதுக்கிக்கொண்டு, சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள். எஸ்.டி.டி. பூத் என்று எழுதிய பெட்டிக்கடைகளில் இப்போது செல்போன் ரீசார்ஜ் என்ற அட்டை தொங்கியது. பின்சீட்டில் இருவர் தமிழும் தெலுங்குமாக ரோட்டைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவர், "ரோடு வந்துவிட்டால் சென்னை பக்கத்து வீடு மாதிரி" என்றார். மற்றவர், "பக்கத்து வீட்டுக்காரனோடு எனக்கு ஏற்கெனவே பேச்சு இல்லை" என்றார்.

இறங்கிய இடத்திலிருந்து ஷேர் ஆட்டோ. எத்தனை பேர் ஏறினோம் என்று எண்ணுவதை ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன். பாதி வழியில் பின்சக்கரம் பஞ்சர். ஓட்டுநர் இறங்கி வெறுமனே எங்களைப் பார்த்தார். எல்லோரும் மறுபேச்சில்லாமல் இறங்கி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆட்டோவைத் தூக்கினார்கள். நானும் பிடித்தேன். ஜாக்கி இல்லையா என்று கேட்டேன். "ஜனங்க கீறப்ப ஜாக்கி எதுக்கு?" என்றபடியே அவர் சக்கரத்தை மாட்டினார். எங்கள் ஊரில் இதற்கு ஒரு அவசர எண்ணும், ஒரு மணி நேரக் காத்திருப்பும், ஒரு மன்னிப்புக் குறுஞ்செய்தியும் உண்டு.

தளத்தில் என் புதிய தம்பி முனிரத்தினம் காத்திருந்தார். புத்தலப்பட்டுக்காரர், நாற்பது வயது, வெயிலில் வெந்த முகம். தமிழில் தொடங்கி, தெலுங்கில் வளைந்து, ஆங்கிலத்தில் முடிக்கிறவர். "செட்டில்மென்ட் ஓவர் மேடம். ஃப்ளாட் ஆயிப்போயிந்தி. இன்னும் எதுக்கு வெயிட் பண்ணணும்?" என்று வரைபடத்தை நீட்டினார்.

இங்கே என் தொழிலைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஏரிக்கு அடியில் இருப்பது தண்ணீர் குடித்து ஊறிய களிமண். அதன் மேல் நேராக ரோடு போட்டால், ரோடு ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கி, அலைஅலையாகிவிடும். ஆகவே முதலில் களிக்குள் நீளமான பிளாஸ்டிக் நாடாக்களை இறக்கி, தண்ணீர் ஏறி வர வழி செய்கிறோம். பிறகு ரோட்டுக்குத் தேவையான உயரத்துக்கு மேலேயே மண்ணைக் கொட்டிக் குவிக்கிறோம். தயிரைத் துணியில் கட்டி மேலே கல்லை வைப்பதுபோல. பாரத்தில் தண்ணீர் வெளியேறும், களி இறுகும், மேடு இறங்கும். இறங்கவேண்டியது இறங்கி முடிந்ததும் கூடுதல் மண்ணை எடுத்துவிட்டு ரோடு போடலாம். இதில் கெட்டிக்காரத்தனம் பெரிதாக ஒன்றும் இல்லை. காத்திருக்கத் தெரிந்தால் போதும். எனக்குச் சம்பளமே மற்றவர்களைக் காத்திருக்கச் சொல்வதற்குத்தான்.

இறக்கத்தை அளக்க மேட்டின் அடியில் இரும்புத் தட்டுகளைப் புதைத்து, அவற்றிலிருந்து கம்பிகளை மேலே நீட்டி வைப்போம். அந்தக் கம்பிகளின் உயரத்தைத்தான் வாராவாரம் பார்த்திருந்தார்கள். கோடு சரசரவென்று இறங்கி, பிறகு தட்டையாகியிருந்தது. பார்க்க அழகாக இருந்தது. ஒரே ஒரு உறுத்தல். ஏரிப் பக்கத்துத் தட்டு ஒன்று, கடைசி அளவில் ஒரு நகக்கண் அளவு மேலே ஏறியிருந்தது.

"அது ரீடிங் மிஸ்டேக் மேடம்" என்றார் முனிரத்தினம்.

இருக்கலாம். ஆனால் அமுங்கிய களி தானாக ஏறுவதில்லை. மேலே இருந்த பாரத்தை யாராவது எடுத்தால்தான் ஏறும்.

மறுநாள் காலை வெயில் ஏறுமுன் முனிரத்தினத்தோடு மேட்டின் மீது நடந்தேன். சாலைப் பக்கமிருந்து பார்த்தால் கோட்டைச் சுவர்போல முழுசாக நின்றது. உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். பலாப்பழத்தை ஒரு பக்கம் அறுத்து வைத்ததுபோல மேடு பாதிக்கு இல்லை. கீழே நாலைந்து டிராக்டர்கள். ஆண்களும் பெண்களும் மண்வெட்டியால் வெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பனைமரத்து நிழலில் தலையில் துண்டு கட்டிய ஒருவர், அடுத்து யார் வண்டி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து யாரும் ஓடவில்லை. ஒரு பெண் மோர் வேணுமா என்று கேட்டாள்.

துண்டு கட்டியவர் ஏரிக்கு மதகு திறந்துவிடும் நீர்க்கட்டி. கம்பெனி மண்ணை எடுக்கிறீர்களே என்றதும் அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"கம்பெனி மண்ணா? ஏரில கெடக்கற மண்ணும்மா இது. கோடையில ஏரி காஞ்சா மண்ணு ஊருக்கு. வூட்டுக்கு இத்தினி வண்டின்னு மொறை வெச்சி எடுப்போம். எப்பவும் இதான் பழக்கம். இந்த வருசம் நோண்டற வேலகூட இல்ல, நீங்களே குமிச்சி வெச்சிட்டீங்க. நல்லா இருங்க."

நான் முனிரத்தினத்தைப் பார்த்தேன். அவர் செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றார். "எப்புடியும் எக்ஸ்ட்ரா மண்ண நாம எடுத்துக் கொட்டத்தானே போறோம் மேடம்? அவங்க எடுத்துக்கினா நமக்கு லாரி மிச்சம்னு நான்தான் சரேன்னு சொன்னேன். ரோடு மட்டத்துக்குக் கீழ ஒரு கூடை எடுக்க விடல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதில் ஒவ்வொருவரும் சொல்வது நியாயம். கோடையில் ஏரி மண் ஊருக்குச் சொந்தம். கூடுதல் மண் எப்படியும் எடுக்கப்படவேண்டியது. அந்தக் குவியல் சும்மா நிற்கவில்லை, நின்றபடியே வேலை செய்துகொண்டிருக்கிறது என்று மட்டும் யாரும் யாருக்கும் சொல்லவில்லை. சிங்கப்பூரில் கடலைத் தூர்த்த நிலத்தில் இதேபோல மணல் குன்றுகள் ஆண்டுக்கணக்கில் நிற்கும். யாரும் தொடமாட்டார்கள். அங்கே அந்த மணல் எங்களுடையது என்று சொல்ல எந்த ஊரும் இல்லை.

எடுத்த மண்ணெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டேன். பாதி வயலுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும். மீதி தேசம்மாவின் மனைக்கு. மற்றவர்கள் தங்கள் முறையில் சிலதை அவளுக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள்.

தேசம்மா அங்கேயே இருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் பெரிய கடிகாரம், தலையில் வெயிலுக்குக் கறுப்புத் துணி. டிராக்டர்க்காரர் பீடி பற்றவைத்தால், "யல்லா, யல்லா" என்று அரபியில் அவசரப்படுத்தினாள். குவைத்தில் ஒரு பெரிய வீட்டில் சமையலும் துப்புரவும் செய்கிறவள். விடுமுறையில் வந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை திரும்ப விமானம். நான் வெளிநாட்டிலிருந்து வந்தவள் என்று தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களும் அங்கதானா? எந்த வூட்ல?" என்றாள். வீட்டில் இல்லை, ஆபீசில் என்றேன். "அப்ப செரி, குந்தி வேல செய்யலாம்" என்று எனக்காகச் சந்தோஷப்பட்டாள்.

சாப்பிடாமல் விடமாட்டேன் என்றாள். கேழ்வரகுச் சங்கட்டியும் நாட்டுக்கோழிக் குழம்பும். சங்கட்டி என்பது எங்கள் வீட்டில் களி என்று சொல்வதுதான், உருண்டையாகப் பிடித்து வைத்தது. நான் மென்றேன். மொத்தக் குடும்பமும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்தது. "மெல்லாத அக்கா, அப்டியே முழுங்கு" என்றாள் தேசம்மா. அவள் கணவன் முனுசாமி, "சிங்கப்பூருல பல்லு வேலை அதிகம் போலக்கீது" என்றான். "நல்லா துன்னுங்க" என்று குழம்பை மேலும் மேலும் ஊற்றினான்.

சாப்பிட்ட கையோடு மனையைக் காட்டினார்கள். ஏரியின் ஓரத்தில் அரசாங்கம் கொடுத்த பட்டா. முனுசாமி குடும்பத்தின் பெயரில் நிலம் என்று எழுதப்பட்ட முதல் துண்டு அதுதான். அதுவரை யாரோ ஒருவருடைய களத்து ஓரத்தில் குடிசை போட்டு, அவர் காலி செய்யச் சொன்னால் கிளம்புகிற பிழைப்பு. மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் என்பதால் மார்பளவுக்கு மண் கொட்டி, சுற்றிலும் கருங்கல் கட்டியிருந்தார்கள். திருப்பதியிலிருந்து வந்த வாசக்கால் சணல் சாக்கில் சுற்றிச் சாய்த்து வைத்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை முகூர்த்தம். சுவர் எழுப்பும் முன் நிலைவாசலை நிறுத்திப் பூசை செய்வது வழக்கம். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் விமானம் ஏறவேண்டும்.

நான் மனையைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தேன். மனையின் பின்பாதி பழைய ஏரிக்கரையின் மேல், கெட்டித் தரை. முன்பாதி களியின் மேல். என் ரோட்டுக்கு அடியில் இருக்கும் அதே களி, நாடா எதுவும் இறக்காதது. இந்தப் பாரத்துக்கு முன்பாதி இறங்கும், பின்பாதி இறங்காது. கட்டினால் வீடு நடுவில் இரண்டாகப் பிளக்கும். ஒரு மழைக்காலமோ இரண்டோ தாங்கலாம். அதற்கு மேல் இல்லை.

விருந்து சாப்பிட்டுவிட்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை காலை சிங்கப்பூருக்குப் பேசினேன். பாரம் குறைந்துவிட்டது, மறுபடி மண் ஏற்றி, இன்னொரு மழைக்காலம் முடியும்வரை விடவேண்டும் என்றேன். அந்தப் பக்கம் நீண்ட பெருமூச்சு. பிறகு, சரி, காத்திருக்கத்தானே உன்னை வைத்திருக்கிறோம் என்றார்கள். மலைக் குவாரியிலிருந்து புதிய மண் வரும். ஊர்க்காரர்களிடம் போன மண்ணை யாரும் திரும்பக் கேட்கமாட்டார்கள். முனிரத்தினத்துக்கு உயிர் வந்தது. ரோட்டின் கதை அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது.

மத்தியானம் அவருடைய மோட்டார் சைக்கிளில் தேசம்மா வீட்டுக்குப் போனோம். தளத்திலிருந்து ஒரு கூர்க்கம்பி எடுத்துக்கொண்டேன், நீளமானது, விரல் தடிமன். நான் சொல்லச் சொல்ல முனுசாமியின் முகம் கடுத்தது.

"எங்க ஆளுங்க எல்லாம் மண்ணு கொட்டித்தான் கட்னாங்க. ஒண்ணும் ஆவல. நாளைக்கு மூர்த்தம். ஊரெல்லாம் சொல்லிக்கினு வந்து கீறேன். இப்ப வந்து நிறுத்துன்னா?"

தேசம்மா அவனைப் பேசவிடவில்லை. "காட்டு அக்கா" என்றாள்.

முதலில் பின்னால் கரைப் பக்கம் கம்பியைக் குத்தினேன். முழங்கை ஆழம்கூடப் போகவில்லை. பிறகு முன்னால், கருங்கல் கட்டுக்கு வெளியே ஏரித் தரைக்கு வந்தோம். மேலே வெடித்துக் காய்ந்திருந்த ஓடு உடைந்ததும் கம்பியை அவள் கையில் கொடுத்தேன். அவள் அழுத்தினாள். போனது. இன்னும் அழுத்தினாள். இன்னும் போனது. அவள் குனிந்துகொண்டே போய், கடைசியில் அவளுடைய கைமுஷ்டி தரையைத் தொட்டது. கம்பி முழுதும் உள்ளே. இழுத்தபோது நுனியில் கருநீலச் சேறு ஒட்டியிருந்தது.

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். முனுசாமி கம்பியை வாங்கி இன்னும் இரண்டு இடத்தில் குத்திப் பார்த்தான். பிறகு கம்பியை அவள் பக்கத்தில் வைத்தான்.

"எவ்ளோ நாளு வுடணும்?" என்றாள்.

ஒரு வருஷத்துக்குக் குறையாது, இரண்டு என்றால் நல்லது என்றேன்.

"ரோட்டுக்கு நீங்க ஒரு வருசம் டைம் குடுக்கறீங்க. எனக்கு யாரு குடுப்பா?" அவள் குரல் உயரவில்லை. "நான் அடுத்த தபா வர்றதுக்கு ரெண்டு வருசம் ஆவும். இப்ப கைல கீற காசு அதுவரிக்கும் நிக்குமா? இவரு தங்கச்சிக்கு ஒண்ணு வரும், எங்க நைனாவுக்கு ஒடம்புக்கு வரும். வர்றவங்க கேட்டா நானே தூக்கிக் குடுத்துடுவேன். செவுரா நின்னாத்தான் காசு நிக்கும் அக்கா. நான் திரும்பிப் போயி இன்னான்னு நெனச்சிக்கினு அவுங்க வூட்டத் தொடைக்கறது?"

வெறும் கையோடு நின்றது எனக்கு அவமானமாக இருந்தது.

அவள் கம்பியின் நுனியில் இருந்த சேற்றை விரலால் வழித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே கேட்டாள்: "பாரம் வெச்சா எறங்கிடும்னு தானே சொன்ன?"

"ஆமாம்."

"பாரம்னா மண்ணுதான் வெக்கணுமா?"

"எதுவானாலும் சரி. எடைதான் கணக்கு."

நாளைக்கு வாருங்கள் என்று மட்டும் சொன்னாள். பேருந்தில் திருப்பதி திரும்பும்போது என் பக்கத்தில் இரண்டு மொட்டைக் குழந்தைகள் லட்டுக்காக அடித்துக்கொண்டன. இரவு தோசை சாப்பிட்டேன். காரம் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை போனபோது தூரத்திலிருந்தே செங்கல் லாரி தெரிந்தது. கட்டத்தான் போகிறாள் என்று நினைத்தேன். கிட்டப் போனால், முகூர்த்தத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் பட்டுச் சேலையும் வேட்டியுமாக வரிசையில் நின்று, செங்கல்லைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டிருந்தார்கள். மனையின் மேல் மேஸ்திரி அவற்றை அடுக்கிக்கொண்டிருந்தார். சாந்து இல்லை. சுவருக்கான கோடும் இல்லை. முன்பாதி முழுக்க, ஒரே உயரத்துக்கு, வெறும் அடுக்கு. ஓரத்தில் ஜல்லி, மணல், இன்னொரு லாரியும் வந்துகொண்டிருந்தது.

தேசம்மா வியர்வையோடு என்னிடம் வந்தாள். "வூட்டுக்கு வேணும்ன்ற செங்கல்லு, ஜல்லி எல்லாத்தியும் ஒரேடியா வாங்கிட்டேன். மொத்த காசும் பூட்ச்சி. இப்ப யாரு வந்து கேட்டாலும் செங்கல்லதான் குடுக்கணும். வெயிட்டு போதுமா பாரு."

இதை நானே நேற்று சொல்லியிருக்கவேண்டும். தோன்றவில்லை. எனக்குப் பாரம் என்றால் மண், அவ்வளவுதான். செங்கல்லும் ஜல்லியும் வீட்டின் எடையில் பெரும்பங்கு. சுவராக நிற்கப்போகும் பாரம் இப்போதே ஏறி நின்றால் நல்லதுதான். நாடா இல்லாத களி மெதுவாகத்தான் இறங்கும். ஆனால் அவளுக்கு இரண்டு வருஷம் இருக்கிறது. போதும் என்றேன். ஒரு மூலையில் குவிக்காமல் பரவலாக அடுக்கச் சொன்னேன். கரைப் பக்கம் எதுவும் வைக்கவேண்டாம் என்றேன். மேஸ்திரி தலையாட்டிவிட்டு, ஏற்கெனவே அடுக்கியதில் ஒரு பகுதியைப் பெரிய முணுமுணுப்போடு கலைத்தார்.

முனிரத்தினம் தளத்திலிருந்து ஒரு தட்டும் கம்பியும் கொண்டுவந்திருந்தார். முன்மூலையில் குழி எடுத்துப் புதைத்தோம். மேஸ்திரியிடம் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப் இருந்தது. கரையின் மேல் அசையாத பாறை ஒன்றில் வண்ணக்கோடு போட்டு, அதிலிருந்து கம்பியை எப்படிப் பார்ப்பது என்று முனுசாமிக்குச் சொல்லிக்கொடுத்தேன். நான் திரும்புவதற்குள் யாரோ கம்பிக்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டார்கள்.

முகூர்த்தத்தை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. பாதிப் பேர் தமிழிலும் பாதிப் பேர் தெலுங்கிலும் பேசினார்கள். நிறுத்தினால் அபசகுனம் என்று ஒருவர். நிலையை நட்டால் இறங்குமே என்று இன்னொருவர். தேசம்மாதான் முடிவு சொன்னாள்: "நட வாணாம். புடிச்சிக்கினு நில்லுங்க."

சாக்கைப் பிரித்து வாசக்காலைத் தூக்கினார்கள். முனுசாமி ஒரு பக்கம், மேஸ்திரி மறுபக்கம். செங்கல் அடுக்குக்கு நடுவே, வாசல் வரவேண்டிய இடத்தில் நிறுத்திப் பிடித்துக்கொண்டார்கள். மாவிலை கட்டினார்கள், நவதானிய முடிச்சைக் கட்டினார்கள், கற்பூரம் காட்டினார்கள். வெயில் சுட்டது. தேசம்மா நீர்ச்சொம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு, வலது காலை எடுத்து வைத்து, அந்தச் சட்டத்தின் வழியாக உள்ளே போனாள். உள்ளே என்பது செங்கல்லும் ஆகாயமும்தான். அவள் அங்கே திரும்பி நின்று எங்களைப் பார்த்தாள், வாங்க என்றாள். எல்லோரும் ஒவ்வொருவராக அதன் வழியாகவே போனோம். சுற்றிக்கொண்டு போயிருக்கலாம். யாரும் போகவில்லை. கடைசி ஆள் போனபிறகு நிலையைக் கீழே சாய்த்து, மறுபடி சாக்கில் சுற்றினார்கள்.

அப்புறம் சாப்பாடு. புளியோதரையும், பப்பு என்கிற பருப்பும், வடையும். செங்கல் அடுக்கின் மேலேயே இலை போட்டார்கள். அதுவும் பாரம்தானே என்றார் முனிரத்தினம்.

ஞாயிற்றுக்கிழமை நானும் அவளும் முனுசாமியும் ஒரே காரில் சென்னை விமான நிலையத்துக்குப் போனோம். வடபழனி நெருங்கும்வரை அவள் தூங்கினாள். வாசலில் குவைத் வரிசையில் நிறைய பெண்கள், அழுகிற குடும்பங்கள். முனுசாமி அழுதான். அவள் அழவில்லை. மாதம் ஒருமுறை கம்பியைப் பார்க்கவேண்டும், டியூப்பில் குமிழி இருக்கக்கூடாது, செங்கல்லை இரவல் கேட்டால் கொடுக்கக்கூடாது என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். என் எண்ணை வாங்கியிருந்தாள். கூப்பிடுவாள் என்று நான் நினைக்கவில்லை.

மழைக்காலம் முடிகிற நேரம், சிங்கப்பூரில் கடலைத் தூர்த்த நிலத்தில் ஒரு மணல் குன்றின் மேல் நின்றுகொண்டிருந்தேன். கைப்பேசியில் தெரியாத நீண்ட எண். பின்னணியில் பாத்திரம் கழுவும் ஓசை.

"அக்கா, நான்தான் தேசம்மா. அவரு போன் பண்ணாரு. நாலு வெரலு எறங்கிச்சாம்!"

இத்தனை ஆண்டுகளாக நிலம் இறங்குவதை அளக்கிறேன். இறங்கியது என்று சொன்னால் ஆட்கள் முகம் சுளிப்பார்கள், யார் தப்பு என்று கேட்பார்கள். ஒருவர் அதைக் கல்யாணச் செய்திபோலக் கூவிச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் தொழில் புத்தி விடவில்லை. இது ஆரம்பம்தான், இன்னும் நிறைய இறங்கணும், அவசரப்பட்டுக் கட்டிவிடாதே என்றேன்.

"எறங்கட்டும் அக்கா, நல்லா எறங்கட்டும்" என்றாள். "நான் இங்கதானே கீறேன்."